வயலில் கட்டடம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்

அந்த வீடியோவை இன்னும் எத்தனை பேர் எனக்கு அனுப்பப் போகிறீர்கள்? நடவு வயலிலிருந்து பெண்கள் புளியமரத்தடிக்கு ஓடுகிறார்கள், அதற்கு ஒரு காமெடி மியூசிக், கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. "இடி இடிச்சா மரத்தடிக்குப் போகக்கூடாதுன்னு சின்னப் பிள்ளைக்கே தெரியுமே!" தெரியும் சார். அவர்களுக்கும் தெரியும்.

மரத்தடி ஆபத்துதான், மறுக்கவில்லை. மரத்தில் இறங்கும் மின்னல் பக்கத்தில் நிற்பவர் மேல் தாவும், தரையில் பரவிக் கால் வழியாக ஏறும். நேராக மேலே விழுந்து சாகிறவர்களைவிட இப்படிச் சாகிறவர்கள்தான் அதிகம். சரி, அப்புறம் எங்கே போயிருக்க வேண்டும்? அதை மட்டும் ஒருத்தரும் எழுதவில்லை. வெட்டவெளியில் பாதுகாப்பான இடம் என்று ஒன்று கிடையவே கிடையாது. நல்ல கட்டடம் வேண்டும், இல்லையென்றால் கண்ணாடி ஏற்றிய கார் வேண்டும். நடவுக்கு வருகிறவர்கள் காரிலா வருகிறார்கள்? நாலு பக்கமும் திறந்து கிடக்கும் தகரக் கொட்டகை மழைக்கு ஆகும், மின்னலுக்கு ஆகாது.

ஆக, வானம் இருட்டும்போதே வேலையை நிறுத்தி அனுப்ப வேண்டும். அனுப்ப வேண்டியவர் வேலை வாங்குகிறவர், நாற்றோடு குனிந்து நிற்கிறவர் இல்லை. மின்னல் வெட்டி முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வயலில் கால் வைக்கக்கூடாது. இருபது, நாற்பது கிலோமீட்டர் சுற்றளவில் மின்னல் இருந்தால் சொல்ல தாமினி ஆப் இருக்கிறது. அது யார் போனில் இருக்க வேண்டும்? வரப்பில் குடை பிடித்து நிற்கிறவர் போனில்.

எங்கள் சித்தி ஒரு ஐப்பசியில் நட்டுக்கொண்டிருந்தார். வடக்கே கறுத்து இடி கேட்க ஆரம்பித்ததும் கரையேறப் போனவர்களை, "நாலு முடிதானே பாக்கி, முடிச்சிட்டுப் போங்களேன்" என்று நிறுத்தினார் ஒருவர். முடித்தார்கள். பக்கத்து வரப்பிலிருந்த பனையில் விழுந்தது, சேற்றில் நின்ற எல்லோரும் சாய்ந்தார்கள். உயிர் பிழைத்ததே பெரிது. சித்திக்கு இடது காது இன்றுவரை மந்தம்தான். அன்றைக்கு அரைக்கூலிதான் கொடுத்தார்கள், பாதியில் கிளம்பிவிட்டார்களாம்.

"விவசாயி மட்டும் என்ன கோடீஸ்வரனா, ஒரு மணி நேரக் கூலியைச் சும்மா கொடுக்க?" என்று கேட்பீர்கள். நியாயம்தான், அவருக்கும் கடன் இருக்கிறது, அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் அந்த நஷ்டத்தை ஏன் எப்போதும் சித்தி மாதிரி ஆட்களே உயிரை வைத்து ஈடுகட்ட வேண்டும்? "ரப்பர் செருப்பு போட்டா போதும்" என்பவருக்கு: இத்தனை கிலோமீட்டர் காற்றைக் கிழித்து வருவதை உங்கள் அரை அங்குல ரப்பர் தடுக்குமா? சேற்றில் செருப்போடு யாராவது நடுவார்களா, முதலில் வயலைப் பார்த்திருக்கிறீர்களா? "எல்லாம் தலையெழுத்து" என்பவருக்குப் பதில் சொல்லப்போவதில்லை. 2022இல் மட்டும் இந்தியாவில் 2,887 பேர் மின்னல் தாக்கி இறந்தார்கள். ஏசி அறையில் இருந்தவர் அதில் எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்?

இன்னொன்று, விழுந்தவரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று சுற்றி நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். அடிக்காது. மூச்சு இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்துங்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

"அர்ஜுனா அர்ஜுனான்னு சொல்லியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது" என்று என் பதிவிலேயே வந்து எழுதினவரை பிளாக் செய்துவிட்டேன். சிரிப்பு எமோஜி போட்ட சொந்தக்காரர்கள் பட்டியலும் என்னிடம் இருக்கிறது.