ஓரத்தில் "இவன்தான்" என்று எழுதியிருந்தது

பல வருடங்களுக்கு முன்பு பழைய புத்தகமாக வாங்கிய ஒரு துப்பறியும் நாவலில், 37-ஆம் பக்கத்தில், ஒரு பாத்திரத்தின் பெயருக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு ஓரத்தில் "இவன்தான்" என்று எழுதியிருந்தது. வந்த ஆத்திரத்தில் புத்தகத்தைத் தூக்கி எறியலாமா என்று இருந்தது. ஆனால் கையில் வேறு புத்தகம் இல்லை, வெளியே மழை, சரி என்று தொடர்ந்து படித்தேன். அந்த ஆள் கதவைச் சாத்தினால் சந்தேகம், சாத்தாமல் விட்டால் அதைவிடச் சந்தேகம், யாருக்கோ ஆறுதல் சொன்னால் "நடிக்கிறான் பார்" என்று பல்லைக் கடித்தேன். கடைசி அத்தியாயத்தில் பார்த்தால் கொலை செய்தது வேறு ஆள். எனக்கு முன்னால் படித்த புண்ணியவான் தப்பாக ஊகித்துவிட்டு, அதை அழிக்கக்கூட மெனக்கெடாமல் புத்தகத்தை விற்றிருக்கிறார்.

அன்று இரவே முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். தெரிந்துகொண்டு படித்தபோதுதான் விஷயம் புரிந்தது, அந்தக் கொலைகாரன் எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை. எல்லாப் பக்கத்திலும் வெளிச்சத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். நான்தான் இன்னொருவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யார் செய்தது என்று தெரிந்த பிறகு அதை எதற்குத் திரும்பப் படிக்கிறாய்?" என்று இப்போதும் கேட்கிறார்கள். சக எழுத்தாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், சிறுகதை எழுதுகிறவன் இந்தக் குப்பையை எதற்குப் படிக்க வேண்டும் என்கிறார்கள். என் பதில் கொஞ்சம் திமிராகத்தான் இருக்கும்: துப்பறியும் கதையை ஒரே ஒரு முறை படித்தவர் அதைப் பாதிதான் படித்திருக்கிறார். முதல் முறை படிப்பது கதைக்காக. இரண்டாவது முறைதான் எழுத்தைப் படிக்கிறோம்.

குப்பை என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். துப்பறியும் கதையின் தொடக்கம் என்று பெரும்பாலும் சுட்டப்படுவது அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1841-இல் எழுதிய ஒரு கதை. அது நாவல் அல்ல, சிறுகதை. அதே ஆலன் போதான் அடுத்த வருடம் ஒரு புத்தக மதிப்புரையில், கதை என்பது அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஒரே மூச்சில் படித்து முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும், அதன் ஒவ்வொரு சொல்லும் ஒரே விளைவை நோக்கிப் போக வேண்டும் என்று எழுதினார். ஆக, சிறுகதைக்கு இலக்கணம் சொன்ன கையும் துப்பறியும் கதையைத் தொடங்கி வைத்த கையும் ஒன்றுதான். ஷெர்லாக் ஹோம்ஸை எடுத்துக்கொண்டாலும் கோனன் டாயில் எழுதியது 4 நாவல்கள், 56 சிறுகதைகள். ரஷ்யச் சிறுகதை மேதை செகாவ்கூட 1884-இல் துப்பறியும் கதையை நையாண்டி செய்து ஒரு கதை எழுதியிருக்கிறார். நையாண்டி செய்வதற்கும் நிறையப் படித்திருக்க வேண்டுமே!

இனி மலைக்கு வருகிறேன்.

எனக்கு நடக்கப் பிடிக்கும். வருடத்தில் சில வாரங்கள் முதுகுப் பையைத் தூக்கிக்கொண்டு எங்காவது காட்டுப் பாதையில் போய்விடுவேன். இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான், "அங்கேதான் கதை கிடைக்குமோ?" கிடைக்காது. இத்தனை வருடத்தில் ஒரு கதைகூட எனக்குப் பாதையில் கிடைத்ததில்லை. பாதையில் யோசிப்பதெல்லாம் இடது குதிகாலில் வரப்போகும் கொப்புளம், பாட்டிலில் எவ்வளவு தண்ணீர் மிச்சம், அந்த மேகம் இந்தப் பக்கம் வருமா, இவ்வளவுதான். இயற்கை மடியில் உட்கார்ந்தால் எழுத்து ஊறும் என்பதெல்லாம் கொசு கடிக்காத இடத்தில் உட்கார்ந்து சொல்வது. செகாவ் 1890-இல் சைபீரியாவைக் கடந்து, கைதிகளை நாடுகடத்தி வைத்திருந்த சகலின் தீவுக்குப் போனார், மூன்று மாதம் தங்கிக் கைதிகளைப் பற்றி ஏறத்தாழ 10,000 கணக்கெடுப்பு அட்டைகள் நிரப்பினார், அந்தப் பயணத்திலிருந்து வந்த சிறுகதைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். கதை தேடிப் போகிறவன் அட்டை நிரப்பிக்கொண்டு இருக்கமாட்டான்.

ஆனால் அகதா கிறிஸ்டி விஷயம் வேறு, ஒப்புக்கொள்கிறேன். தன் முதல் துப்பறியும் நாவலை 1916-இல் எழுதிக்கொண்டிருந்தபோது பாதியில் சிக்கிக்கொள்ள, இங்கிலாந்தில் டார்ட்மூர் என்ற மேட்டு நிலத்தில் ஒரு விடுதியில் இரண்டு வாரம் தங்கினார். காலையில் எழுத்து, மதியத்துக்கு மேல் தனியாக நடை, நடக்கும்போது பாத்திரங்களின் பேச்சை வாய்விட்டுப் பேசிப் பார்ப்பார். எதிரே யாராவது வந்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ. எனக்கு அந்த வரம் வாய்க்கவில்லை.

எனக்குக் கிடைத்தது வேறு. அதுவும் வழி தவறியதால்.

மலையில் நடந்து பழகியவர்கள் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லும் பாடம் ஒன்று உண்டு: பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, திரும்பி, வந்த வழியைப் பார்த்துக்கொள். போகும்போது பார்க்கும் பாதையும் திரும்பி வரும்போது பார்க்கும் பாதையும் ஒன்றல்ல. ஏறும்போது மரத்தின் ஒரு பக்கம் தெரிகிறது, இறங்கும்போது மறுபக்கம். வெளிச்சமும் அதற்குள் மாறியிருக்கும். அதோடு, போகும்போது இரண்டாகப் பிரிந்து தெரிந்த இடத்தைப் பிரிவு என்று மனது குறித்துக்கொள்ளும். ஆனால் பக்கவாட்டிலிருந்து பின்புறமாக வந்து சேர்ந்த பாதையை நாம் கவனித்திருக்கவே மாட்டோம், திரும்பும்போதுதான் அது பிரிவாக முன்னால் நிற்கும். எனக்கும் இதைச் சொல்லியிருந்தார்கள். கேட்டேனா?

அன்று கணக்கெல்லாம் சரியாகத்தான் போட்டேன். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன கணக்கு ஒன்று இருக்கிறது, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கீழே வந்திருக்க வேண்டும். இறங்கி வரும்போது ஓர் இடத்தில் இரண்டு பாதைகள். இரண்டுமே நான் வந்தது மாதிரி இருந்தன, இரண்டுமே வராதது மாதிரியும் இருந்தன. அகலமாக இருந்ததில் போனேன். முக்கால் மணி நேரம் கழித்து அது ஒரு வறண்ட ஓடையில் போய் முடிந்தது, உருண்டைக் கற்கள், நடுவில் விழுந்து கிடந்த ஒரு மரம், அவ்வளவுதான். பயம் முதலில் வயிற்றில் வந்தது, அப்புறம்தான் தலைக்கு ஏறியது. ஒரு கல்மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். பிறகு அவசரப்படாமல் பாதை பிரிந்த இடத்துக்கே ஏறிப் போய், கீழே பார்க்காமல் மேலே பார்த்து நின்றேன், காலையில் ஏறியபோது எந்தத் திசையைப் பார்த்து வந்தேனோ அந்தத் திசை. அப்போது தெரிந்தது. இடது பக்கப் பாறையில் வெள்ளையாக ஒரு பாசித் திட்டு, காலையில் அதன்மேல் கை வைத்துத்தான் மூச்சு வாங்கியிருந்தேன். இறங்கும் பக்கமிருந்து பார்த்தால் அது வெறும் கறுப்புப் பாறை.

தடயம் என்பது இதுதான். அங்கேயேதான் இருந்தது, யாரும் மறைக்கவில்லை.

ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், அவரே துப்பறியும் கதை எழுதியவர், 1929-இல் இந்த வகை எழுத்துக்குப் பத்துக் கட்டளைகள் போட்டார். அதில் ஒன்று, துப்பறிபவர் கண்டுபிடிக்கும் எந்தத் தடயத்தையும் அப்போதே வாசகருக்கும் காட்டிவிட வேண்டும் என்பது. எல்லரி குவீன் என்ற பெயரில் வந்த ஆரம்ப நாவல்களில் முடிவுக்குச் சற்று முன்னால் கதையை நிறுத்தி, "எல்லாத் தடயமும் இப்போது உங்கள் கையில், கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்" என்கிற பாணியில் சவால் விடுவார்கள். கிறிஸ்டியின் ஒரு நாவலில் முக்கியமான பத்து நிமிடம் ஒரே ஒரு சாதுவான வாக்கியத்துக்குள் மறைந்து போகிறது. எந்த நாவல் என்று சொல்ல மாட்டேன், படிக்காதவர்கள் என்னைச் சபிப்பார்கள். முதல் முறை படிக்கும்போது அந்த வாக்கியத்தில் கண் ஒரு நொடிகூட நிற்காது. இரண்டாவது முறை அதைத் தாண்டிப் போகவே முடியாது. வாக்கியம் மாறவில்லை, நாம் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறோம்.

ஆரம்பத்தில் நான் எழுதிய கதைகளில் கடைசிப் பத்தியில் ட்விஸ்ட் வைப்பேன். வாசகருக்குத் தெரியக்கூடாது என்று முன்னால் எல்லாவற்றையும் மூடி வைத்துவிடுவேன். அவர்கள் அதிர்ச்சி அடைவார்கள், பாராட்டுவார்கள், மறந்துவிடுவார்கள். திரும்பப் படித்தால் அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. உண்மையில் அது ஏமாற்று வேலை.

ஒரு கதையைச் சொல்கிறேன். வெளியூரிலிருந்து வந்த மகன் அம்மாவோடு ஒரு மாலைப்பொழுது பேசிக்கொண்டிருக்கிறான், அப்பா மருத்துவமனையில் இருக்கிறார். அவர் இறந்துவிட்ட செய்தி வீட்டுக்குள் நுழையும்போதே மகனுக்குத் தெரியும் என்பது முடிவில் வெளிப்படும். முதல் வடிவத்தில் அதற்கு ஒரு சாடைகூட இல்லை. வழி தவறிய அந்தப் பயணத்துக்குப் பிறகு, இரண்டாவது பத்தியில் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தேன்: "மேசையில் கிடந்த அப்பாவின் கண்ணாடியை எடுத்துத் துடைத்து, மடித்து, கூட்டுக்குள் வைத்து மூடினான்." முதலில் படிக்கிறவருக்கு ஒழுங்கான பிள்ளை. திரும்பிப் படிக்கிறவருக்கு அந்தக் கூடு மூடும் சத்தம் கேட்கும். கேட்டதாகச் சிலர் சொன்னார்கள். "முடிவு முன்னாலேயே தெரிந்துவிட்டது" என்று ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார், அவர் கெட்டிக்காரர், அவருக்காக நான் கதையை மாற்றப்போவதில்லை.

"நாவல் எப்போது?" என்று கேட்பவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், தெரியாது. பத்துப் பக்கத்தையே திரும்பி நடந்து பார்க்க எனக்கு மூன்று மாதம் ஆகிறது.

அடுத்த வாரம் மறுபடி மலை. பையில் எடை பார்த்துப் பார்த்துத்தான் வைக்கிறேன், ஒரு சட்டையைக் குறைத்துவிட்டு ஒரு புத்தகம், ஏற்கெனவே இரண்டு முறை படித்ததுதான். மழையில் பேனா மை கரைந்துவிடும் என்பதால் பென்சில்.

அந்தப் பழைய நாவல் இன்னும் என்னிடம் இருக்கிறது. 37-ஆம் பக்கத்துக் குறிப்பை நானும் அழிக்கவில்லை. யாராவது நல்ல துப்பறியும் நாவல் ஒன்று இரவல் கேட்டால் முதலில் அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன். மறுநாளே போன் வரும், திட்டுவதற்கு. "பேசாமல் முழுசாகப் படி" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.