இரண்டு நாள் பொறுத்தால் என்ன?

காரை ஜனவரி 2-ஆம் தேதி பதிவு செய்யுங்கள் என்று எத்தனை முறை கேட்டேன்! விற்பனையாளருக்கு மாதக் கணக்கு முடிய வேண்டுமாம். டிசம்பர் 30-ஆம் தேதியே முடித்துவிட்டார். இரண்டே நாளில் என் புதுக் கார் ‘போன வருஷத்து வண்டி’. நாளைக்கு விற்கப் போனால் இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எவரும் முதலில் கேட்பது பதிவான ஆண்டைத்தான்.

அப்புறம் லைசென்ஸ் டிஸ்க், வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டிய வண்டி உரிமச் சீட்டு. முன்கண்ணாடி மூலையில் ஒட்டிய அந்தச் சின்ன வட்டத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. வண்டியின் எடையை வைத்துக் கட்டணம், சரி, கட்டுகிறேன். ஆனால் இனி வருஷா வருஷம் பிள்ளைகளின் ஜனவரிப் பள்ளிச் செலவும் காவடி விரதமும் நெருங்கும்போதுதானே இதுவும் வந்து நிற்கும்? காலாவதிக்குப் பிறகு தரும் 21 நாள் அவகாசம் எந்த மூலைக்கு?