இரண்டு தரம் குத்தலாம், மூன்றாவது வேறு ஆள்

"குத்திக் குத்தித்தான் கை பழகும்" என்று எங்கள் வைத்தியசாலைகளில் ஒரு பேச்சு இருக்கிறது. புதிதாக நியமனம் பெற்று வரும் தாதியப் பிள்ளைகளுக்கு மூத்தவர்கள் சொல்லும் முதல் ஆறுதல் இதுதான். பாதி உண்மை. பயிற்சிக் கல்லூரியில் றப்பர் கையில் எத்தனை கனுலா (மருந்தும் சேலைனும் ஏற்றுவதற்கு ஊசியோடு இரத்த நரம்புக்குள் விடும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்) போட்டுப் பார்த்தாலும், வன்னியில் மல்லாவியிலோ மாஞ்சோலையிலோ ஒரு அம்மம்மாவின் கையைப் பிடிக்கும்போது அந்தப் பழக்கம் கொஞ்சத் தூரம்தான் வரும். றப்பர் கையில் நரம்பு வழுக்கி ஓடாது. "ஐயோ பிள்ளை" என்று கையை இழுக்கவும் ஆளில்லை.

சரி, பழகத்தான் வேண்டும். யாருடைய கையில், எத்தனை தரம், பக்கத்தில் யார் நிற்க? இதைத்தான் நாங்கள் கேட்பதில்லை.

வன்னிச் சனம் முறைப்பாடு செய்யாது. காசு கட்டிப் படுக்கும் இடத்தில் மூன்றாவது குத்துக்கு ஆட்கள் சத்தம் போடுவார்கள். இங்கே கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கையை நீட்டுவார்கள். "பரவாயில்லைப் பிள்ளை, நீயும் பழகத்தானே வேணும்" என்று எங்களுக்கே ஆறுதலும் சொல்வார்கள். அந்தப் பொறுமையைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பெரிய அழிவுகளைக் கண்ட சனம் ஊசிக்கு முகம் சுளிக்காது என்பதற்காக, அவர்களுக்கு நோவதில்லை என்று ஆகிவிடாது.

அதனால் என் கருத்து நேரானது. ஒரு நோயாளியில் ஒருவர் இரண்டு தரம் முயற்சிக்கலாம். கிடைக்கவில்லையா, கையுறையைக் கழற்றிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவின் இன்பியூஷன் நேர்சஸ் சொசைட்டி வழிகாட்டியும் ஒருவருக்கு இரண்டு முயற்சி என்றுதான் சொல்கிறது. ஆனால் எங்கள் வாட்டுகளில் மூத்தவரைக் கூப்பிடுவது ஒரு வெட்கக்கேடு மாதிரி ஆகிவிட்டது. "இதுகூடத் தெரியாதா" என்ற ஒரு பார்வைக்குப் பயந்து நாலாவது, ஐந்தாவது இடம் தேடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். குற்றம் அந்தப் பார்வையில்தான்.

புதுப் பிள்ளைகளுக்கு முதலில் பழக்க வேண்டியது ஊசியை அல்ல, விரலை. எல்லோரும் கண்ணால் நரம்பு தேடுகிறார்கள். நீலமாகத் தெரிவது எல்லாம் நல்ல நரம்பில்லை. நல்லது பல நேரம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆட்காட்டி விரலால் அழுத்தினால் பதிந்து, விட்டதும் எழும்ப வேண்டும். கயிறு மாதிரி இறுகி நின்றால் அது தசைநார். துடித்தால் நாடி, அந்தப் பக்கம் போகவே கூடாது. கையைத் தொங்கவிட்டு, பொத்தி விரிக்கச் சொல்லி, தேவையென்றால் இளஞ்சூட்டுத் துணி சுற்றிக் கொஞ்சம் பொறுத்தால் இல்லாத நரம்பும் எழும்பும். பட்டென்று அடித்து எழுப்புவது வேண்டாம், நோவுதான் மிச்சம். றப்பர் பட்டியைக் கட்டிவிட்டு பிளாஸ்ரர் தேடப் போவதும் வேண்டாம், ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைத்திருப்பதே அதிகம். எல்லாச் சாமானையும் எடுத்து வைத்த பிறகுதான் பட்டி. அற்ககோலால் துடைத்த இடம் காய வேண்டும். காய்ந்த பிறகு "இன்னொருக்கா பார்ப்பம்" என்று விரல் வைத்தால் துடைத்ததும் வீண்.

பிறகு ஊசி. கீழே பெருவிரலால் தோலை இழுத்துப் பிடிக்காமல் குத்துவதால்தான் வயோதிபரின் நரம்பு வழுக்கி ஓடுகிறது. 10 முதல் 30 பாகை சரிவு போதும். இரத்தம் தெரிந்த அந்த நொடியில்தான் அநேகமான புதுக் கைகள் தவறுகின்றன. சந்தோசத்தில் ஒன்றில் ஊசியை அப்படியே தள்ளி மறுபக்கத்தால் வெளியேற்றுவார்கள், அல்லது உடனே உருவி எடுப்பார்கள். ஊசிமுனை உள்ளே போயிருக்கும், பிளாஸ்டிக் குழாயின் முனை இன்னும் வெளியில் நிற்கும். ஆகவே சரிவைக் குறைத்து இன்னும் இரண்டு மில்லிமீற்றர் அளவு போக வேண்டும், பிறகு ஊசியை அசைக்காமல் குழாயை மட்டும் வழுக்கி விட வேண்டும். உருவிய ஊசியை அதே குழாய்க்குள் திரும்ப விடவே கூடாது. குழாய் அறுந்து துண்டு இரத்தத்தோடு போகும்.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொது. வன்னிக்கென்று சில இருக்கின்றன, அவற்றைக் கல்லூரிப் பாடம் மட்டும் சொல்லித் தராது.

அனுராதபுரத்தோடு எல்லை பகிரும் வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் எவ்வளவு என்பது இங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். நீரிழிவும் இல்லை, பிரசரும் இல்லை, வயல் வேலை செய்த மனிசனுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிடும். நாளைக்கு அவருக்கு இரத்தச் சுத்திகரிப்பு தேவைப்பட்டால், மணிக்கட்டுக்கு மேலே பெருவிரல் பக்கமாக ஏறும் நரம்பைத்தான் நாடியோடு இணைத்து பிஸ்டுலா செய்வார்கள். புதுப் பிள்ளைகள் மிகவும் விரும்பும் நரம்பும் அதே நரம்புதான்! பெரிது, நேரானது, ஓடாது. வாட்டில் வந்து படுக்கும் ஒவ்வொரு தரமும் அதில் ஒரு கனுலா போட்டு, அழற்சி வந்து, நரம்பு இறுகிப் போனால், சத்திரசிகிச்சை செய்ய வரும் டொக்டருக்கு அங்கே ஒன்றும் மிச்சமிருக்காது. சிறுநீரக நோயாளி என்று தெரிந்தால் புறங்கைதான். கஷ்டமான இடம், தெரியும். அதனால்தான் அது புதியவர் பழகும் கையில்லை, மூத்தவர் போட வேண்டிய கை. ஏற்கனவே பிஸ்டுலா உள்ள கையில் பிரசர்கூடப் பார்ப்பதில்லை.

அடுத்தது பாம்பு. வயல் வேலைக் காலத்தில் கண்ணாடி விரியன் கடித்து வருபவரின் இரத்தம் உறையாமல் போகலாம். கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்துப் பார்க்கும் பரிசோதனை அதற்குத்தான். விஷமுறிவு மருந்து நரம்பு வழியாகத்தான் ஏறும், ஆகவே கனுலா கட்டாயம். ஆனால் தவறிய ஒவ்வொரு குத்தும் கசிந்துகொண்டே இருக்கும். இப்படியான நோயாளியில் "நீ ஒருக்கா ட்ரை பண்ணு" என்பது பயிற்சியே இல்லை. அனுபவமான கை போடட்டும், புதுப் பிள்ளை பக்கத்தில் நின்று அழுத்திப் பிடிக்கட்டும், பார்க்கட்டும். பார்ப்பதும் படிப்புத்தான்.

இன்னொன்று, போரில் ஒரு கையை இழந்தவர்கள். ஷெல் காயத் தழும்பும் ஒட்டுத் தோலுமாகக் கை உள்ளவர்கள். இருக்கிற ஒரே கையில் முழங்கை மடிப்பில் கனுலா போட்டால் அந்த மனிதர் சாப்பிடுவது எப்படி, சாரத்தைக் கட்டுவது எப்படி? போடுவதற்கு முதல் "எந்தக் கையால வேலை செய்யிறனீங்கள் ஐயா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். தெற்கிலிருந்து நியமனம் பெற்று வந்து தமிழ் பழகும் சிங்களப் பிள்ளைகளுக்கு நான் "கையைப் பொத்துங்கோ", "கொஞ்சம் நோகும்" என்பதோடு இதையும் சேர்த்துத்தான் சொல்லிக் கொடுப்பேன். ஆர்வமாகப் பழகுகிறார்கள், உள்ளதைச் சொல்ல வேண்டும்.

"ஆள் இல்லையே, யார் பக்கத்தில் நிற்பது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2022 நெருக்கடிக்குப் பிறகு அனுபவமுள்ள எத்தனையோ பேர் வெளிநாடு போய்விட்டார்கள். கனுலாவுக்கே தட்டுப்பாடு வந்த காலம் அது. ஆனால் ஆள் குறைவென்றால் இன்னும் திட்டமாகச் செய்ய வேண்டும். பகல் கடமையில், நல்ல நரம்புள்ள, நாளைக்குச் சத்திரசிகிச்சைக்கு இருக்கும் இளம் ஆட்களில், அவர்களிடம் கேட்டுவிட்டு, மூத்த ஒருவர் பக்கத்தில் நிற்கத் தொடங்கலாம். கனுலாவின் பருமனை (எண் கூடக் கூடக் குழாய் மெல்லியது) பச்சை நிறம் 18, இளஞ்சிவப்பு 20, நீலம் 22, குழந்தைகளுக்கு மஞ்சள் 24 என்று மனப்பாடம் செய்தால் போதாது, யாருக்கு எது ஏன் என்பதையும் அங்கேயே சொல்லலாம். இரத்தப்போக்கோடு வந்த தாய்க்கு நீலத்தைப் போட்டுவிட்டு வேகமாகச் சேலைன் ஏறவில்லை என்று நிற்கக் கூடாது. இப்போது என்ன நடக்கிறது? பகலில் டொக்டரோ மூத்தவரோ போட்டுவிடுகிறார்கள். நள்ளிரவில் சிறுவர் வாட்டில் கனுலா அடைத்ததும் புதுப் பிள்ளை தனியே நிற்கிறது. முதல் பாடத்துக்கு அதைவிட மோசமான இடம் இல்லை.

நோயாளியோடு வருகிற சொந்தக்காரருக்கும் ஒன்று. போன முறை எந்தக் கையில் லேசாகக் கிடைத்தது என்று தெரிந்தால் சொல்லுங்கோ. இரண்டு தரம் தவறினால் "வேற மிஸ்ஸி ஒருக்கா பார்க்கலாமா?" என்று கேளுங்கோ, யாரும் கோபிக்கக் கூடாது. கனுலா போட்ட இடம் சிவந்தால், வீங்கினால், மருந்து ஏறும்போது எரிந்தால் உடனே கூப்பிடுங்கோ. "பாவம், மிஸ்ஸிக்குக் கரைச்சல்" என்று விடியும் மட்டும் பொறுத்திருக்க வேண்டாம்.