எச்சரிக்கை இல்லையென்றால் வெள்ளம் வராதா?

"சூறாவளி எச்சரிக்கை வந்தால் கனமழை பெய்யும். இப்போது எச்சரிக்கை இல்லை, அதனால் கனமழை வராது" என்று மேலே உள்ள பதிவில் எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. முதல் வாக்கியத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் இரண்டாவது அதிலிருந்து வராது. சூறாவளி இருந்தால் மழை என்பது, சூறாவளி இருந்தால் மட்டுமே மழை என்று ஆகிவிடாது. மழைக்கு வேறு காரணங்களும் உண்டு. "கனமழை பெய்யவில்லை, அதனால் எச்சரிக்கையும் இருந்திருக்காது" என்று சொல்லியிருந்தால் தர்க்கம் சரி.

இதைச் சரிபார்க்க, சூறாவளி எச்சரிக்கை இல்லாமல் கனமழை பெய்த ஒரே ஒரு நாள் கிடைத்தால் போதும். 2013 மார்ச் 30 அன்று நம் மொரீஷியஸின் தலைநகர் போர்ட் லூயிஸில் திடீர் வெள்ளம் வந்து 11 பேர் இறந்தார்கள். துறைமுகக் கரையில் உள்ள கோடான் பக்கத்துச் சுரங்க நடைபாதையில் சிக்கியவர்களும் அதில் உண்டு. அன்று சூறாவளி எதுவும் இல்லை. அந்த வாரத்துப் பழைய செய்தித்தாள்களைத் தேடினால் யாரும் பார்க்கலாம்.

நம் மொரீஷியஸ் வானிலைத் துறையின் விளக்கத்தையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். சூறாவளி எச்சரிக்கையின் வகுப்புகள் காற்றை வைத்து அமைந்தவை. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்றுதான் அங்கே அளவுகோல். பெருமழைக்குத் தனி எச்சரிக்கை இருக்கிறது. ஒன்று இல்லை என்பதால் மற்றதும் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கால்வாய் ஓரத்தில் குடியிருப்பவர்களும் இதைப் படிக்கிறார்கள். அந்த வரியை மட்டும் திருத்திவிடுங்கள் அண்ணா, தயவுசெய்து.