என்பிடெல்லை எண்ணுகிறோம், நடத்துவதில்லை

செமஸ்டர் தொடங்கினால் போதும், பல பொறியியல் கல்லூரிகளில் சுற்றறிக்கை வந்துவிடும்: இணையத்தில் காணொளிப் பாடம் நடத்தும் என்பிடெல்லில் ஆளுக்கொரு கோர்ஸில் சேர வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நல்ல மதிப்பெண்ணுக்கான 'எலைட்' சான்றிதழ் வாங்கினார்கள் என்று எக்செல் ஷீட் சுற்றும். அந்தக் கோர்ஸை நம் வகுப்பில் எப்படிப் பயன்படுத்தினோம் என்று கேட்க அதில் ஒரு கட்டம்கூட இருக்காது.

எனக்கு என்பிடெல் மேல் கோபமில்லை. ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003இல் ஆரம்பித்தது அது. ராத்திரி அதைப் பார்த்துவிட்டுக் காலையில் பாடம் நடத்திய ஆசிரியர்கள் கை தூக்குங்கள். நான் இரண்டு கையையும் தூக்குகிறேன்.

யுஜிசியின் 2021 விதிமுறைப்படி, ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை, என்பிடெல் கோர்ஸ்களும் ஓடும் அரசு இணையத் தளமான ஸ்வயம் வழியாகவே முடித்து கிரெடிட் வாங்கலாம். சரி. ஆனால் வாராவாரம் அசைன்மென்ட் விடை டெலிகிராமில் வந்துவிடுகிறதே!

2012இல் அமெரிக்காவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம், எடெக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தில் எம்ஐடி நடத்திய சர்க்யூட்ஸ் கோர்ஸை வகுப்புக்குள் கொண்டுவந்தது. காணொளி வீட்டில். வகுப்பில் குழுவாக உட்கார்ந்து கணக்குப் போடுவது, ஆசிரியர் நடுவில் சுற்றி வருவது. வழக்கமான வகுப்பில் 59 சதவீதம் தேறியபோது இங்கே 91. ஒரு செமஸ்டரை வைத்துக் குதிக்கத் தேவையில்லைதான். மறுவருஷமே அதே பல்கலையின் தத்துவத் துறை, ஹார்வர்டின் மைக்கேல் சாண்டெலுடைய எடெக்ஸ் கோர்ஸை ஏற்க மாட்டோம் என்று அவருக்கே பகிரங்கக் கடிதம் எழுதியது. காணொளியைக் காட்டி ஆசிரியரையே காலி செய்துவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது.

சிக்கலான சர்க்யூட்டை ஒரு சோர்ஸ், ஒரு ரெசிஸ்டன்ஸ் என்று சுருக்கிக் காட்டும் தெவனின் தேற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தலையாட்டிக்கொண்டே காணொளியைப் பார்த்து முடித்துவிடலாம். போர்டில் டிபென்டன்ட் சோர்ஸ் (சர்க்யூட்டின் வேறோர் இடத்து வோல்டேஜையோ கரண்டையோ பொறுத்து மாறும் சோர்ஸ்) உள்ள சர்க்யூட்டைப் போட்டு, தெவனின் ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு என்று கேட்டால் பாதிப் பேர் அந்த சோர்ஸையும் சேர்த்து ஷார்ட் செய்துவிடுவார்கள். அதைத் தொடவே கூடாது. டெர்மினலில் ஒரு வோல்ட் கொடுத்து, எவ்வளவு கரண்ட் போகிறது என்று பார்க்க வேண்டும். காணொளியிலும் இதைச் சொல்லியிருப்பார்கள். ஆனால் உனக்கு நாலு ஓம், எனக்கு மட்டும் ஏன் மைனஸ் ரெண்டு என்று பக்கத்து பெஞ்சோடு சண்டை போட்ட பிறகுதான் மண்டையில் ஏறுகிறது.

அந்தச் சண்டைக்கு நேரம் வேண்டும் என்றுதான் விரிவுரையை வெட்டுகிறேன். ஒரு மணி நேரக் காணொளியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும்; எங்கிருந்து எதுவரை என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவேன். ஆங்கிலம் வேகமாக ஓடும் இடத்துக்குத் தமிழில் ஒரு சின்ன ஆடியோ. டேட்டா தீர்ந்த பிள்ளைகளுக்காக லேப் கம்ப்யூட்டரில் டவுன்லோட் செய்து வைப்பேன். சர்க்யூட்டின் ஒவ்வொரு சந்திப்பிலும் வோல்டேஜ் கண்டுபிடிக்கும் நோடல் அனாலிசிஸுக்கு மட்டும் காணொளியே கிடையாது, சாக்பீஸ்தான்.

ஒரு விரிவுரைக்கு இதைச் செய்து, பொருத்தமான கணக்கும் தேடி எடுக்க ஒரு மாலை முழுக்கப் போய்விடும். ஒர்க்லோடில் இதற்கு ஒரு பீரியட்கூட இல்லை. 'வீடியோதானே ஓடுது, சாருக்கு என்ன வேலை' என்று இன்னொரு செக்‌ஷனைத் தலையில் கட்டத்தான் பார்ப்பார்கள். சுற்றறிக்கை போடுகிறவர்கள் முதலில் வாரத்துக்கு இரண்டு பீரியட் இதற்கென்று டைம்டேபிளில் ஒதுக்கட்டும். அப்புறம் ரிசல்ட் கேட்கட்டும்.