அளவைப் பெருக்கினால் மட்டும் போதாது

"நான்கு பேருக்குச் சமைக்கத் தெரிந்தால் நூறு பேருக்கும் சமைக்கலாம், அளவைப் பெருக்கினால் போதும், சமையற்கலை மாணவர்களுக்கு இன்டர்ன்ஷிப் வீண்" என்ற கருத்தை இங்கே பலர் பகிர்ந்திருக்கிறார்கள். மன்னிக்கவும், அது சரியல்ல.

எடையைப் பெருக்கலாம், சூடு அந்தக் கணக்குக்குள் வராது. வகுப்பில் வைக்கும் 2 லிட்டர் ஸ்டாக் (எலும்பையோ காய்கறியையோ வேகவைத்து வடித்த சாறு) சீக்கிரம் ஆறிவிடும். 40 லிட்டர் பானையின் நடுப்பகுதியோ மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். கிருமிகள் பெருக அதுதான் தோதான சூடு. 57 டிகிரி செல்சியஸிலிருந்து 2 மணி நேரத்தில் 21-க்கும், அடுத்த 4 மணி நேரத்தில் 5-க்கும் இறக்க வேண்டும் என்பது பல சமையலறைகளில் உள்ள விதி. அதற்காக 5 செ.மீ. ஆழத்துக்கு மிகாமல் அகலத் தட்டுகளில் பிரித்து ஊற்றுவதும், பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் இறக்கிக் கிளறுவதும் இன்டர்ன்ஷிப்பில் பெரிய அளவைக் கையாண்டால்தான் கைக்கு வரும். வதக்குவதும் அப்படியே: சட்டி நிரம்பினால் காய் வதங்காது, தண்ணீர் விட்டு வெந்துவிடும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரே சூட்டில் 1 லிட்டர், 10 லிட்டர் வெந்நீரைத் தனித்தனிப் பாத்திரங்களில் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இரண்டின் நடுவிலும் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள்.