சட்டம் இல்லை என்று இனி யாரும் எழுதாதீர்கள்

ஒரு பெண்ணின் முகத்தை ஒட்டி ஏ.ஐ.-யில் ஆபாசப் படம் செய்து பரப்பிவிட்டார்கள். அதைப் பற்றிய பதிவுகளின் கீழே படித்தவர்கள், பொறுப்பானவர்கள் எல்லாம் வந்து ஒரே வரியை எழுதிவிட்டுப் போகிறார்கள்: "என்ன செய்வது, இதற்கெல்லாம் நம்ம நாட்டில் இன்னும் சட்டம் வரலையே." படிக்கப் படிக்க வயிறு எரிகிறது.

சட்டம் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-லேயே வந்துவிட்டது. ஆபாசத்தை வெளியிட்டால் அதன் 67-வது பிரிவு. பாலியல் செயலைக் காட்டும் எதையும் மின்னணு வடிவில் வெளியிட்டாலோ அனுப்பினாலோ 67ஏ. முதல் முறையே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். படத்தைக் கேமராவில் எடுத்தானா, செயலியில் செய்தானா என்று அந்தப் பிரிவு கேட்கவே இல்லை. அந்தச் சட்டத்தின் கீழ் 2021-ல் வந்த விதிகளில் உருமாற்றிய படம் என்பதும் வெளிப்படையாகவே இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அந்தத் தளம் அதை நீக்க வேண்டும் என்றார்கள். இதற்கு மேல் என்ன சட்டம் வர வேண்டும்?

என் அக்கா மகளுக்கு இதே கொடுமை நடந்தபோது நான்தான் காவல் நிலையத்துக்குக் கூடப் போனேன். ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பிரிண்ட் எடுத்து, இணைப்பு முகவரிகளைக் கையால் எழுதிக் கொண்டுபோயிருந்தாள். அங்கே இருந்தவர் முதல் தாளைப் புரட்டிவிட்டு, "போட்டோவை எல்லாம் ஏம்மா நெட்டில போடுறீங்க?" என்றார். அடுத்து, "இது எங்க லிமிட்ல வராது." அவள் அந்தத் தாள்களைத் திருப்பி அடுக்கி, ஒரு வார்த்தை பேசாமல் பைக்குள் வைத்தாள். எந்த எல்லையில் குற்றம் நடந்திருந்தாலும் புகாரை வாங்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு சொல்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்ட வழக்கை விசாரிப்பது இன்ஸ்பெக்டராக இருக்க வேண்டும், சரி. புகாரை வாங்குவதற்கு என்ன தடை?

"போலீஸுக்கு ஆள் பற்றாக்குறை, அவங்களுக்கும் எவ்வளவோ வேலை" என்பீர்கள். இருக்கட்டும். இணையத்தில் பிறரைப் புண்படுத்தும்படி எழுதினால் தண்டிக்கலாம் என்றிருந்த அதே சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்தது. அதற்கப்புறமும் வருடக்கணக்கில் அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தார்களே, அதற்கு மட்டும் ஆள் எங்கிருந்து வந்தது? 2021-ல் நீதிபதிகளே அதிர்ந்துபோனார்கள். 2022-ல் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. எழுதியவனைப் பிடிக்கச் செத்துப்போன பிரிவு ஞாபகம் இருந்தது. ஒரு பெண் அழுதுகொண்டு வந்து நின்றால், உயிரோடு இருக்கிற பிரிவு ஞாபகம் வருவதில்லை.

"இப்படிப் படம் செய்வதையே தனிக் குற்றமாக்க வேண்டாமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். வரட்டும், நல்லதுதான். ஆனால் புதுச் சட்டம் வரும் வரை காத்திருங்கள் என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? சட்டம் இல்லை என்று நீங்கள் எழுதும் ஒவ்வொரு முறையும், புகாரை வாங்காமல் அனுப்பியவருக்குத்தான் வசதி. இன்னொருத்தி அதைப் படித்துவிட்டு, போய் என்ன பிரயோஜனம் என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவாள். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக்கூடக் கூப்பிட மாட்டாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 67ஏ படத்தை முதலில் வெளியிட்டவனுக்கு மட்டுமில்லை, வாங்கி அடுத்தவருக்கு அனுப்பியவருக்கும்தான். எங்கள் பழைய மாணவர் குழுவில் "ஐயோ பாவம், யார் பெத்த பிள்ளையோ" என்று எழுதி, கீழே அந்தப் படத்தையும் போட்டார் ஒருவர். பாவம் என்று நினைப்பவர் எதற்கு அதை நாலு பேருக்குக் காட்ட வேண்டும்? அவருக்கும் பெண் பிள்ளை இருக்கிறது. அண்ணா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். நேற்று ராத்திரியே தனியாகச் செய்தி அனுப்பினேன், பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை. படம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. எடுத்துவிடுங்கள்.